பால் இல்லை என்று சொன்னேன்

மகள் பிறந்த நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். கருங்கலுக்கும் புதுக்கடைக்கும் நடுவே, ரப்பர் மரங்களுக்குள் தள்ளியிருக்கும் வீடு. ஆட்டோவிலிருந்து நான் இறங்குவதற்கு முன்பே மாமியார் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "பால் குடிச்சாளா?" என்று கேட்டார்.

வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "பால் இல்ல மாமி. வரவே இல்ல. டின்பால்தான் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேறு பொய்களையும் யோசித்தேன். எனக்கு ஏதோ நோய், மருந்து சாப்பிடுகிறேன் என்று சொன்னால் என்ன நோய் என்று கேட்பார்கள். டாக்டர் வேண்டாம் என்றார் என்றால் ஏன் என்பார்கள். பால் இல்லை என்றால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது, இல்லாதது இல்லைதானே என்று நினைத்தேன். கணக்கு டீச்சராக மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். அந்த வீட்டைப் பற்றிப் போட்ட முதல் கணக்கே தப்பாகப் போயிற்று.

உண்மை இதுதான். என் கணவர் சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். விடுமுறைக்கு வந்து என்னைக் கல்யாணம் செய்துகொண்டு, திரும்பிப் போனார். அடுத்த விடுமுறை முடிந்து போகும்போது நான் உண்டாகியிருந்தேன். அங்கே தங்கும் உரிமத்தைப் புதுப்பிக்க ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பார்த்த சில நாளிலேயே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் 'மெடிக்கல் அன்ஃபிட்' என்ற சொல் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நெஞ்சில் பழைய சளித் தழும்பு இருக்கிறது என்று அவர் தன் அம்மாவிடம் சொன்னார். என்னிடம் மட்டும், முட்டத்துக்கு பைக்கில் கூட்டிப்போய், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் உட்காரவைத்து, எச்.ஐ.வி. என்றார். சொல்லும்போது என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். எப்படி வந்தது என்று கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

மறுவாரம் எனக்கும் பரிசோதித்தார்கள். எனக்கும் இருந்தது.

அது இரண்டாயிரத்து ஏழு எட்டு வாக்கில். அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை இந்த நோய்க்கான மருந்துக்காக எங்கள் மாவட்டத்துக்காரர்கள் மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைந்தார்களாம். எங்கள் நேரத்துக்கு நாகர்கோவிலிலேயே மையம் வந்திருந்தது. அங்கே ஓர் ஆலோசகர் இருந்தார். என் வயதுதான், கடற்கரை ஊர்க்காரி, வேகமாகப் பேசுவார், ஆனால் ஒன்றை எத்தனை தடவை கேட்டாலும் எரிச்சல்படாமல் சொல்லுவார். பிரசவ வலி வந்ததும் எனக்கு ஒரு மாத்திரை, பிறந்த பிள்ளைக்குச் சில சொட்டு மருந்து. அதனால் ஆபத்து குறையும், அடியோடு போய்விடாது என்றார். அப்புறம் பால். அன்றைக்கு அவர்கள் சொன்னது இரண்டே வழி. ஒன்று, தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடக் கிடையாது. இல்லை என்றால் டின்பால் மட்டும், தாய்ப்பால் ஒரு சொட்டும் கூடாது. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் கலப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

பாடக்குறிப்பு எழுதுவதுபோல நோட்டில் எழுதி, 'கலக்கக் கூடாது' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டேன். பிறகு வீட்டை நினைத்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் வயம்பு, அதாவது வசம்பு, உரைத்துத் தேனோடு தடவாத வீடு கிடையாது. தாய்ப்பால் மட்டும் என்று நான் முடிவு செய்தால், நான் கண்ணயரும் நேரத்தில் வயம்பு உள்ளே போய்விடும். டின்பாலோடு வயம்பு போனால் பரவாயில்லை. அதனால் டின்பால். அது சரியான முடிவுதானா என்று அன்றைக்கும் தெரியாது. இன்றைக்கும் முழுசாகத் தெரியாது.

என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். அதனால் தலைப்பிரசவத்துக்கு இருந்ததே மாமியார் வீட்டில்தான்; ஆஸ்பத்திரிக்கு மட்டும் அவரை வரவிடாமல் கணவரே பார்த்துக்கொண்டார். மாமியார் அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் வேலை செய்கிறவர். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து அந்த எண்ணெயில் கைவிரல்கள் கறுத்திருக்கும். இருபது வயதிலிருந்து ஒரு நாள்கூடத் தேவையில்லாமல் லீவு எடுக்காதவர், எனக்காக ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். "அம்மை இல்லாத்த பிள்ளையாக்கும். நான் பாக்காம ஆரு பாப்பா?" என்று எல்லோரிடமும் சொல்வார்.

பால் இல்லை என்று நான் சொன்ன அன்று அவர் முகம் வாடவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

முதல் நாள் வெள்ளைப்பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் முருங்கைக்கீரை. மூன்றாம் நாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் முட்டத்துக்குப் போய், வள்ளம் கரையேறும் இடத்திலேயே நின்று பால்சுறா வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குள் திரும்பி வந்துவிட்டார். அவித்து உதிர்த்து, உள்ளியும் மிளகும் போட்டுப் புட்டாக்கி என் முன்னால் வைத்தார்.

"தின்னு மக்களே. நாளைக்கு நேரம் வெளுக்கும்போ பாரு."

தின்றேன். நேரம் வெளுத்தது. "வந்துதா?" என்றார். "இல்ல மாமி." மறுபடியும் முட்டம் பஸ்.

அண்டி ஆபீஸ் பெண்கள் சாயங்காலம் வேலை விட்டுப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி பப்பாளிக்காய்க் கறி கொண்டுவந்தாள். ஒருத்தி ஏதோ வேரைத் தந்து கஷாயம் வைக்கச் சொன்னாள். இன்னொருத்தி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "காலேஜில படிச்ச பிள்ளியளுக்கு இப்பிடித்தான். புத்தகத்தில இல்லாத்தது ஒடம்பிலயும் இல்ல" என்றாள். மாமியார் அவளை விடவில்லை. "ஒனக்கு மட்டும் என்ன, நாலு பிள்ள பெத்து நாலுக்கும் எனக்க வீட்டு ஆட்டுப்பாலுதானே?" என்றார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சபையின் பெண்கள் சங்கத்தார் ஒரு நாள் மாலை வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து ஜெபம் பண்ணினார்கள். "ஆண்டவரே, இந்த மகளுடைய ஊற்றுகளைத் திறந்தருளும்" என்று தலைவி உருகிச் சொன்னார். மற்றவர்கள் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன். சேலைக்குள்ளே இரண்டாக மடித்து வைத்திருந்த துணி அந்த நேரத்தில் நனைந்துகொண்டிருந்தது.

பிள்ளை பிறந்த ஐந்தாம் நாளே எனக்குப் பால் வந்துவிட்டது. பிள்ளை உள் அறையில் சிணுங்கினால் போதும், நெஞ்சு கனத்து நூல் இழுப்பதுபோல வலிக்கும். குளிமுறிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பீய்ச்சி ஊற்றுவேன். வெள்ளையாக ஓடி ஓடைக்குள் போகும். கனம் குறையும் அளவுக்கு மட்டும் எடுங்கள், அதிகம் எடுத்தால் அதிகம் சுரக்கும், இறுக்கித் துணி கட்டுங்கள் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். எல்லாம் செய்தேன். ஆனால் வெளியே வந்தால் தட்டில் சுறாப்புட்டு ஆவி பறக்கும். சாப்பிடாமல் இருந்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. முட்டம் வரைக்கும் போய்வந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சாப்பிடாமல் இருப்பது?

"சொல்லிரலாமா?" என்று ஒருமுறை கணவரிடம் கேட்டேன். அவர் பிள்ளையின் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு வாய் வராது. நீ வேணும்னா சொல்லு" என்றார். எனக்கும் வாய் வரவில்லை. பதினெட்டு மாதம் கழித்துப் பிள்ளைக்குப் பரிசோதனை. அதுவரைக்கும் எப்படியாவது ஒரு சொட்டும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அப்புறம் என்று இருவரும் எங்களையே ஏமாற்றிக்கொண்டிருந்தோம்.

பிரசவித்தவளுக்கு எங்கள் பக்கத்தில் வேதுவெள்ளக் குளி உண்டு. ஆடாதோடை, நொச்சி, புளியிலை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பொறுக்கும் சூட்டில் வீட்டுப் பெரியவர்கள் ஊற்றிவிடுவார்கள். முதல் நாளே நான் அழுது அடம்பிடித்து, முதுகுக்கு மட்டும் மாமியார் ஊற்றலாம், முன்பக்கம் நானே பார்த்துக்கொள்வேன் என்று ஆக்கியிருந்தேன். "நானும் பெண்தானே, என்னட்டி வெக்கம்?" என்று திட்டிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பதினாறாம் நாள் எனக்குக் காய்ச்சல் அடித்தது. இடது பக்கம் பால் கட்டிக் கல்லாகியிருந்தது. தோல் சிவந்து, காம்பு வெடித்து, துணி பட்டாலே உயிர் போயிற்று. காய்ச்சலுக்குக் காரணம் கேட்டதற்குக் குளிர் என்றேன். காய்ச்சல் என்றால் வேதுவெள்ளம் கட்டாயம் என்றார் மாமியார். எழுந்து நின்றால் தலை சுற்றியது. முக்காலியில் உட்காரவைத்தார். துவர்த்துத் துண்டை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் செம்பு முதுகில் விழுந்தது. இரண்டாம் செம்பு தோளில் ஊற்றியபோது சூடு முன்பக்கம் இறங்கியது. கை தளர்ந்து துவர்த்து நழுவியது.

சூடு பட்டதும் பால் தானாகப் பீறிட்டது. வலதுபக்கம் மூன்று நான்கு நூலாக, எதிர்ச்சுவர் வரைக்கும்.

"கர்த்தாவே!" என்று மாமியார் கத்தினார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. இத்தனை நாள் முட்டத்துக்கும் வீட்டுக்கும் ஓடிய ஒருவருக்குக் கூலி கிடைத்த முகம். "பால்! பால் வந்தாச்சு! இரிட்டி, அனங்காத, இரி!" செம்பைப் போட்டுவிட்டு ஈரக்காலோடு உள்ளே ஓடினார்.

எதற்கு ஓடுகிறார் என்பது எனக்குப் புரிவதற்கு இரண்டு நொடி ஆயிற்று. அந்த இரண்டு நொடியை நான் எத்தனையோ தடவை திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். எழுந்து கதவைச் சாத்தியிருக்கலாம். துவர்த்தை எடுத்துச் சுற்றியிருக்கலாம். எழ முயன்றேன், கால் வழுக்கியது. அதற்குள் தொட்டிலிலிருந்து பாதித் தூக்கத்தில் எடுத்த பிள்ளையோடு வந்துவிட்டார். ஒரு கையால் பிள்ளையின் தலையைத் தாங்கி, மற்றக் கையால் என் தோளை வளைத்து, நேரே நெஞ்சோடு சேர்த்தார். பிள்ளை வாயைத் திறந்து முகத்தைத் திருப்பினாள். அவளுடைய கன்னம் பட்டது. உதடும் பட்டதா?

மாமியாரின் கையில் அடித்தேன். ஓங்கி அடித்தேன். பிள்ளையைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டு, அவளுக்கும் எனக்கும் நடுவில் ஈரத் துவர்த்தைத் திணித்தேன். பிள்ளை வீரிட்டாள். வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அரைமணி நேரத்துக்கு முன்னால் டின்பால் குடித்தவள்தான். அது எந்தப் பால்?

மாமியார் அடிபட்ட கையைப் பிடித்தபடி நின்றார். "எதுக்குட்டி என்னை அடிச்ச?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டார்.

"எனக்கு எச்.ஐ.வி. மாமி" என்றேன். "பால்ல இருக்கும். பிள்ளைக்கு வந்திரும்."

இரண்டு மாதம் தேடித் தேடி வைத்திருந்த பொய்க்குப் பின்னால் இந்தச் சில சொற்கள்தான் இருந்தன.

மாமியார் அடிபட்ட கையைக் கீழே விட்டார். பிறகு குனிந்து, தன் முந்தானை நுனியால் பிள்ளையின் வாயைத் துடைத்தார். உதட்டை, வாயோரத்தை, நாக்கின் நுனியை. மூன்று தடவை. என்னிடமிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். தொட்டில் ஆடும் சத்தம் கேட்டது, அழுகை நின்றது. திரும்பி வந்து செம்பை எடுத்தார்.

"பாதிக் குளியில எந்திச்சா சன்னி பிடிக்கும்" என்று மிச்சத் தண்ணீரை ஊற்றத் தொடங்கினார்.

என் பின்னால் நின்றபடியே கேட்டார். "அவனுக்கும் உண்டா?"

"உண்டு."

"ஆருகிட்ட இருந்து ஆருக்கு?"

நான் துவர்த்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். தண்ணீர் கொஞ்ச நேரம் விழவில்லை. பிறகு, "செரி. தலையைக் குனி" என்று சொல்லி, முடியைத் துவட்டிவிட்டார்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு ஒரு புதுத் தட்டில் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்த, ஒட்டுத்தாள்கூடக் கிழிக்காத தட்டு. அவர் கொண்டு வைத்த விதத்தில் வெறுப்பு இல்லை, பயம்தான் இருந்தது. இந்த நோயைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் எழுதியிருந்ததும் பிரசங்கத்தில் கேட்டதும்தான். சாப்பிட்டுவிட்டு நானே கழுவித் தனியாக வைத்தேன்.

சாயங்காலம் மகனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். மகன் இரண்டு வாய் சாப்பிடும்வரை பொறுத்திருந்தார்.

"மூணு பேரும் சேந்து எனக்கிட்ட மறைச்சிட்டிய."

"மூணு பேரா?" என்றார் என் கணவர்.

"பிள்ளையையும் சேத்துதாம்லே. அவளும் பதினாறு நாளா ஒண்ணும் சொல்லல."

என் கணவர் தட்டின் மேலேயே அழுதார். மாமியார் அவரைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. "சோத்தைத் தின்னு. மருந்து திங்கியதுக்கு வயித்தில சோறு வேண்டாமா?" என்றார். மருந்து சாப்பிடுகிறார் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. அலமாரிக்கு மேலே இருந்த டப்பாவை மாமியார் எப்போதோ பார்த்து, சளித் தழும்புக்கு என்று நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் நால்வரும் நாகர்கோவிலுக்குப் போனோம். டாக்டர் பால்கட்டுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். பிறகு ஆலோசகரின் அறை. மாமியார் முதல் ஆளாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு பாத்திரத்தில திங்கலாமா?"

"திங்கலாம் அம்மா."

"ஒரே சோப்பு?"

"ஒண்ணும் ஆகாது."

"கொசு கடிச்சா?"

"கொசுவால வராது."

"பின்ன எதுக்கு அம்மையிட்டப் பால் மட்டும் ஆகாது? அதுதானே ஒலகத்திலயே நல்லது?"

ஆலோசகர் அதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். நான்தான் பொறுக்க முடியாமல் நடுவில் புகுந்து, நேற்று நடந்ததைச் சொன்னேன். உதடு பட்டதா என்று தெரியவில்லை, காம்பு வெடித்திருந்தது, வாயோரத்தில் வெள்ளை இருந்தது, ஆனால் பட்டது வலதுபக்கம் என்றுதான் நினைக்கிறேன், வெடிப்பு இடதுபக்கம் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். மாமியாரின் தலை மெல்லத் தாழ்ந்தது.

ஆலோசகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பட்டிருக்கலாம், படாமலும் இருந்திருக்கலாம். ஒரு தடவை பட்டதாலேயே வந்திடும்னு சொல்ல முடியாது. வராதுன்னு சத்தியமும் பண்ண மாட்டேன். பதினெட்டாவது மாசம் பாப்போம்."

"ஒரு சொட்டு ரத்தம் பாக்க ஒன்றரை வருசமா?" என்றார் மாமியார்.

தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளைக்கு வந்த சில எதிர்ப்பொருள்கள் அதன் உடம்பில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியிருக்கும், இப்போதே சோதித்தால் அது அம்மாவுடையதா பிள்ளையுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று ஆலோசகர் விளக்கினார். மாமியாருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "அப்ப உண்டுண்ணு வந்தாலும் அது அம்மைக்கயாட்டும் இருக்கலாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் அவர் பிச்சிப்பூ வாங்கினார். தொடுத்த பூ இல்லை, உதிரி மொட்டு, ஒரு பை நிறைய. எதற்கு இவ்வளவு என்று கேட்டேன், பையின் வாயை முறுக்கிக்கொண்டு பஸ்ஸைத் தேடினார். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார். இந்த முறை நான் துவர்த்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. மொட்டுகளை என் நெஞ்சில் பரப்பி, பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டினார்.

"பால் வத்தணும்னா இதுதான் வச்சுக் கட்டுவாவ" என்றார். "பிள்ள இல்லாம..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

எனக்குத் தெரியும். பிள்ளை செத்துப்போன தாய்மார்களுக்குத்தான் இதைக் கட்டுவார்கள். என் பிள்ளை அடுத்த அறையில் உயிரோடு கைகாலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். பூவின் வாசனையும் ஈரமும் நெஞ்சின் சூடும் சேர்ந்து மூச்சை அடைத்தன. மாமியார் முடிச்சைப் போட்டுவிட்டு, பின்பக்கமிருந்து கொஞ்ச நேரம் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருந்தார். தினமும் பூவை மாற்றினார். ஒரு வாரத்தில் பால் வற்றிவிட்டது. வரவைக்க ஓடிய அதே மனுஷிதான் நிறுத்தவும் ஓடினார்.

புதுத் தட்டை அதற்குப் பிறகு நான் தனியாகப் பார்க்கவில்லை. மற்றத் தட்டுகளோடு எங்கோ கலந்துவிட்டது.

ஊரின் வாயை அவரே பார்த்துக்கொண்டார். "மருமவளுக்கு தைராய்டு. அதுக்கு மருந்து உண்டு. பால் குடுக்கப்பிடாது எண்ணு டாக்டர் சொல்லியாச்சு" என்று அண்டி ஆபீசில் சொன்னார். நான் இரண்டு மாதம் யோசித்தும் கிடைக்காத பொய், அவருக்கு ஒரு காலைப்பொழுதில் கிடைத்தது. சங்கத்துப் பெண்களுக்குத்தான் என்ன சொல்வது என்று தெரியாமல் தவித்தார். அவர்கள் இன்னும் வாராவாரம் என் பாலுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். "வேண்டாமெண்ணு ஜெபிக்கவும் சொல்ல ஒக்காது. தரணுமெண்ணு ஜெபிச்சா அவரு தந்திருவாரோ எண்ணு பயமாட்டும் இருக்கு" என்றார். கடைசியில் அந்த ஜெபக்குறிப்பை மாற்றி, பிள்ளையின் சுகத்துக்காக என்று எழுதிக் கொடுத்தார்.

பதினெட்டு மாதத்தை எப்படிக் கடந்தோம் என்று விரிவாக எழுத எனக்குத் தைரியமில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் ஒவ்வொரு வயிற்றுப்போக்குக்கும் அந்த வாயோரத்து வெள்ளை என் கண்முன் வந்து நிற்கும். வேறு தொற்று வராமலிருக்கப் பிள்ளைக்குத் தினமும் ஒரு மருந்து கொடுக்கவேண்டியிருந்தது. அண்டி ஆபீஸ் சங்கு ஊதும் நேரத்துக்கு அதை ஊட்டிவிட்டுத்தான் மாமியார் வேலைக்குக் கிளம்புவார். ஒருநாளும் அந்தக் குளிமுறியைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. ஒரே ஒருமுறை, பிள்ளை காய்ச்சலில் துவண்டு கிடந்தபோது, தன் கறுத்த விரல்களைப் பார்த்தபடி, "இந்தக் கையாக்கும் கொண்டு வச்சது" என்றார். இல்லை மாமி என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்ல ஒரு நொடி தாமதித்துவிட்டேன். அந்தத் தாமதத்தை அவர் கவனித்தார்.

நாள் வந்தது. ரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்ல எங்களைக் கூப்பிட்டபோது மாமியார் உள்ளே வர மறுத்து, வெளியே பெஞ்சிலேயே இருந்தார். ஆலோசகர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்ல. பிள்ளைக்கு இல்ல."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். சொன்னார். தாளிலிருந்த எண் எங்கள் எண்தானா என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தார். தேதியையும் பார்க்கச் சொன்னேன். கதவுக்கு வெளியே இருந்து மாமியாரின் குரல் வந்தது.

"எதுக்குட்டி திரும்பத் திரும்பக் கேக்குத? மாத்திச் சொன்னா என்ன செய்வ?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் கையை நீட்டவில்லை. நானே அவர் மடியில் உட்காரவைத்தேன். பிள்ளை அவருடைய கழுத்துச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பின் வருடங்கள் ஓடின. எனக்கும் மாத்திரை தொடங்கினார்கள். மருந்து வாங்க நாகர்கோவில்வரை போகவேண்டாம், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே தருவோம் என்றார்கள். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று முதலில் மறுத்தேன், பிறகு பஸ்ஸுக்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டு ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டது சரியா என்று ஒரு மாதம் யோசித்தேன். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள்.

அப்படி மருந்து வாங்கப் போன ஒரு காலையில், மருந்து தரும் அறைக்கு வெளியே கடைசி பெஞ்சில் ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். மடியில், இந்த மருந்து வாங்குகிறவர்களுக்குத் தரும் அதே பச்சைப் புத்தகம், என்னுடையதைப் போல.  எழுந்து ஓடிப்போய்ப் பிரிக்க வேண்டும்போல இருந்தது. பிறகுதான் நினைவு வந்தது. இப்போதெல்லாம் உண்டாகியிருப்பது தெரிந்த உடனேயே தாய்க்கு மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள், மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு தாய்ப்பாலே கொடுக்கலாம் என்கிறார்கள் என்று நாகர்கோவில் ஆலோசகர் என்னிடம் சொல்லியிருந்தார். கேட்டபோது நல்லது என்றுதான் சொன்னேன். கண்ணால் பார்ப்பது வேறாக இருந்தது.

ஓடைக்குள் வெள்ளையாக ஓடியதெல்லாம் ஞாபகம் வந்தது. எங்கள் நேரத்தில் இது இருந்திருந்தால் என்று நினைக்கும்போதே, அன்றைக்கு இருந்தது அவ்வளவுதானே, அதைக்கொண்டு நாங்கள் செய்தது பிழையில்லையே என்றும் நினைத்தேன். இரண்டும் மாறி மாறி வந்தன.

அவள் நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில், "அக்கா, நீங்களும் இஞ்சதானே?" என்றாள். தலையசைத்தேன்.

"குடுக்கலாமெண்ணுதான் சொல்லுதாவ. எனக்குப் பயமாட்டு இருக்கு. வீட்டில கேக்க ஆருமில்ல, ஆருக்கும் தெரியாது. இது செரிதானேக்கா?"

என்னிடமா கேட்கிறாள்? வீட்டைப் பூட்டிவிட்டு வந்தேனா என்றே மூன்று தடவை திரும்பிப் பார்க்கிறவளிடம்.

"மாத்திரை விடாமத் திங்கியா?"

"ஒரு நாளும் விடல."

"வேற ஏதாவது குடுக்கியா? வயம்பு, சீனி வெள்ளம்?"

"ஒண்ணும் இல்ல. இது மட்டும்தான்."

"அப்ப குடு" என்றேன். "பயப்படாம குடு."

சொன்ன மறுகணமே சந்தேகம் வந்துவிட்டது. நான் யார் சொல்வதற்கு? என் கணக்குகள் எத்தனை பிழைத்திருக்கின்றன? எழுந்து போய் அந்த ஆஸ்பத்திரி ஆலோசகரின் கதவைத் தட்டி, வரிசையில் நின்றவர்களின் முறைப்பையும் தாங்கிக்கொண்டு, வெளியே இருக்கும் பெண்ணிடம் இப்படிச் சொல்லிவிட்டேன், சரிதானா என்று கேட்டேன். சரிதான் என்றார். நிச்சயமாகவா என்றேன். அவர் சிரித்தார். "நானும் வந்து சொல்லுகேன், போங்க" என்றார்.

அதை அவளிடம் சொல்வதற்காக வேகமாகத் திரும்பி வந்தேன். அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டு, இந்த முறை சுவரைப் பார்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையில் சத்தம் வரக் குடித்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்த பச்சைப் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன்.